பழைய பக்கத்திலிருந்து புதுப் பக்கத்துக்கு

ஒரே வேலைக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் நேர் எதிராக உத்தரவு போட்டால் நான் பொதுவாகப் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கம்ப்யூட்டர் ரிப்பேரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். புருஷன் பெண்டாட்டி நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கக் கூடாது. அன்றைக்கு ஏன் கிளம்பவில்லை என்றால், அங்கே சண்டையே நடக்கவில்லை. அக்கா ஹாலில் ஒன்று சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் அடுக்களையில் வேறொன்று சொன்னார். இவர் சொன்னது அவருக்குத் தெரியாது, அவர் சொன்னது இவருக்குத் தெரியாது. நான் மட்டும் இரண்டையும் கேட்டுத் தொலைத்தேன்.

அக்கா என்றால் சொந்தம் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். அவர் என்னைக் கூப்பிட்டது ‘கம்ப்யூட்டர் பொண்ணு’ என்று. நாற்பதைத் தாண்டிய பிறகும் ‘பொண்ணு’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இதே வேலையைச் செய்கிற பக்கத்துக் கடைப் பையனை, இருபத்திரண்டு வயதுதான், ‘சார்’ என்கிறார்கள். அதற்கெல்லாம் கோபப்பட ஆரம்பித்தால் பொழுது போதாது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. ஹாலில் ஜன்னலைப் பார்த்து ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். மேஜைக்கு அடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். அக்காவின் தொழிலுக்கு அது முக்கியம். அலுவலகங்களில் நடக்கும் விசாரணைகளைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். காலால் மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும். இருபது வருஷமாக அதுதான் அவருக்கு வேலை. கம்பெனியில் அவருக்கு ‘புல்லட்’ என்று பெயராம். அவரே சொன்னார், சொல்லும்போது முகத்தில் வெட்கமே இல்லை. இருக்கவும் வேண்டாம்.

பிரச்சினை இதுதான். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனியின் தட்டச்சு மென்பொருள் புது சிஸ்டத்தில்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே எல்லோருக்கும் புதிதாக ஒரு வேகப் பரீட்சை. தேறினால் வேலை, தேறாவிட்டால் வணக்கம். அக்காவின் கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டமும் இருந்தது, கம்பெனிக்காரர்கள் போன மாதம் வந்து பக்கத்திலேயே புதியதையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்த மாதிரி. பெட்டியைப் போட்டவுடன் கருப்புத் திரையில் இரண்டு வரி வரும். பழையதா, புதியதா? எதைத் தொடுகிறோமோ அது திறக்கும். இந்தக் குடித்தனத்துச் சாமான் அந்தக் குடித்தனத்துக்குத் தானாகப் போகாது. இங்கே நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த ஏற்பாடு எதுவும் அங்கே தெரியாது. யாராவது தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். அந்தத் தூக்குகிற வேலைக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டது வீட்டுக்காரர். கதவைத் திறந்து உட்கார வைத்துப் பேசியது அக்கா.

“இங்க பாரும்மா, பழைய பக்கத்துல இருந்து ஒண்ணும் கொண்டு வராத. என் வேலை ஃபைல் மட்டும் போதும். புதுசுன்னா புதுசாவே இருக்கட்டும்.”

“கீபோர்டு, மவுஸ் எல்லாம் உங்களுக்குப் பழகின மாதிரி வச்சுத் தரேன்க்கா. இல்லன்னா ரெண்டு நாள் கை தடுமாறும்.”

“எதுக்கு? என் கை எதுக்கும் பழகிக்கும். டைப்ரைட்டர்ல ஆரம்பிச்ச கை இது.”

கையைத் தூக்கிக் காட்டினார். வலது கை நடுங்கியது. இலேசாக, ஆனால் நிற்காமல். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“இதுவா? இது ஒரு நோய். பேரெல்லாம் பெருசா இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். அது பாட்டுக்கு ஒரு ஓரமா ஆடிட்டு இருக்கும், நான் பாட்டுக்கு வேலை பாப்பேன். எங்களுக்குள்ள ஒப்பந்தம்.”

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நோயைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “டீ போடறேன். சர்க்கரை எவ்வளவுன்னு வந்து சொல்லுங்க.” சர்க்கரை கேட்பதற்காக ஒருவர் என்னை அடுக்களைக்கே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து போனேன்.

வீட்டுக்காரர் தராசு மெக்கானிக். கடைகளில், கிடங்குகளில், மருந்துக் கம்பெனிகளில் இருக்கிற எடை மெஷின்களைச் சரிபார்த்து, முள் சரியாக நிற்கும்படி செய்து, அரசாங்க முத்திரைக்கு அனுப்புகிற வேலை. ஒல்லியான மனிதர். அடுப்பின்மேல் பால் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டிருந்தது, அவர் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால்,” என்றேன்.

அணைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “பழைய பக்கத்துல இருக்கறது எல்லாம் அப்படியே அந்தப் பக்கம் வரணும். கீபோர்டு, மவுஸ், திருத்தற லிஸ்ட்டு, எல்லாமே. ஒரு புள்ளி மாறக் கூடாது. நான் பண்ணிப் பாத்தேன். ஃபோல்டரை அப்படியே தூக்கி வச்சேன், புதுசு படுத்துக்கிச்சு. கம்பெனிக்காரங்கதான் வந்து எழுப்பினாங்க.”

“அக்கா எதுவுமே வேணாம்னாங்களே.”

“அவளுக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

அவர் டம்ளர்களை எடுத்து வைத்தார். அடி கனத்த, அகலமான, மூடி போட்ட டம்ளர்கள். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இழுப்பறைகளுக்கெல்லாம் கை நுழையும் அளவுக்குப் பெரிய பிடி. தாழ்ப்பாளுக்குப் பதில் காந்தம். ஸ்விட்சுகள் உள்ளங்கை அகலத்துக்கு. யாரோ மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாக, அந்த வீட்டையே ஒரு கைக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார்கள்.

“நீங்களே உள்ள போய்ப் பாருங்க, புரியும்,” என்றார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

பழைய பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை, நேராக உள்ளே போனது. அக்கா பால்கனியில் துணி எடுக்கப் போயிருந்தார். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன்.

கீபோர்டுக்கு ஒரு வடிகட்டி உண்டு. அநேகம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு பொத்தானை அழுத்திய பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் அதே பொத்தான் மறுபடி அழுந்தினால், அதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைக்கலாம். கை நடுங்குகிறவர்களுக்காகவே வைத்த வசதி. ஒரு தடவை தொட நினைத்து விரல் மூன்று தடவை தட்டினாலும் திரையில் ஒரு எழுத்துதான் விழும். அந்த நேரத்தை இங்கே எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருந்தது. ஏற்றியதும் வருகிற ‘பீப்’ சத்தத்தை நிறுத்தியிருந்தது. ஓரத்தில் காட்டுகிற சின்னப் படத்தை மறைத்திருந்தது. மவுஸின் வேகம் பாதிக்கும் கீழே. உண்மையாகவே இரட்டை எழுத்து வர வேண்டிய இடத்தில் இந்த வடிகட்டி ஒன்றை விழுங்கிவிடுமே, அதற்கு வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று பார்த்தால், தானாகத் திருத்துகிற பட்டியலில் ஆயிரக்கணக்கான சொற்கள். இப்படி வந்தால் அப்படி மாற்று என்று ஒவ்வொன்றாகக் கையால் போட்டது.

அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் தொழிலில் கெட்டிக்காரர்கள் செய்த வேலையைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பொறுமையை எங்கேயும் பார்த்ததில்லை.

டீ டம்ளரைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் மறுபடி அடுக்களைக்குப் போனேன்.

“எப்ப இருந்து இதெல்லாம்?”

“ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல கொஞ்சம்தான் வச்சேன். அப்புறம் அப்பப்ப ஏத்திக்கிட்டே வந்தேன். அவ மொட்டை மாடிக்கு ஏதாவது வேலையா போவா. அந்த நேரம் போதும்.”

“எப்ப ஏத்தணும்னு எப்படித் தெரியும்?”

“சத்தம்தான். அழிக்கற பட்டன் இருக்குல்ல, அதோட சத்தம் தனி, கொஞ்சம் அகலமா கேக்கும். நான் இங்க பாத்திரம் தேச்சுக்கிட்டே கேப்பேன். அந்தச் சத்தம் கூடினா, கை மோசமாயிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு ஒரு புள்ளி ஏத்துவேன். மறுநாள் சத்தம் குறைஞ்சிடும். அவளும் பாட்டுப் பாடிக்கிட்டே வேலை பாப்பா.”

இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் ஆத்திரத்தைத்தான் வெளியே விடுவேன். அது பழக்கம்.

“நீங்க தராசு பாக்கறவரு. ஒரு கடைக்காரன் முள்ளைத் தட்டிவிட்டு ஒரு கிலோன்னு காட்டினா விடுவீங்களா?”

“தராசுக்கு மனசு கிடையாதும்மா,” என்றார். “டாக்டர் பேரு சொன்ன அன்னிக்கு அவ என்ன கேட்டா தெரியுமா? எனக்கு நடக்க முடியுமான்னு கேக்கல. எவ்வளவு நாள் இருப்பேன்னு கேக்கல. டைப் பண்ண முடியுமான்னு கேட்டா. முடியற வரைக்கும் பண்ணுங்கன்னு அவர் சொன்னாரு. அந்த ‘வரைக்கும்’ எப்ப வரும்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதா. அதுதான், வராம பாத்துக்கறேன்.”

வேலைக்கு வந்தவள் வேலையைப் பார்க்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். மாற்றாவிட்டால் திங்கட்கிழமைப் பரீட்சையில் அக்கா தோற்பார், வேலை போகும். மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா வேண்டாம் என்று சொன்னது விஷயம் தெரியாமல் சொன்னது. இப்படி எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டு, வடிகட்டியின் எண்களை, மவுஸை, திருத்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் புதுப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தேன். ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கி வைத்தால் புதியது ஏற்காது. அவர் செய்த தப்பு அதுதான். ஒவ்வொன்றுக்கும் அங்கே வேறு இடம், வேறு பெயர். தேடித் தேடி வைக்க வேண்டும்.

அக்கா துணிக்கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துணியை மடிக்கவில்லை, உருட்டி வைத்தார்.

“என்ன, ஃபைல் எல்லாம் வருதா?”

“வருதுக்கா.” பொய் இல்லை. ஃபைலும்தான் வந்துகொண்டிருந்தது.

“திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு எங்க செக்‌ஷன்ல சின்னப் பசங்கல்லாம் பயந்து கிடக்குதுங்க. நேத்து ஒருத்தி போன் பண்ணி அழறா. நான் சொன்னேன், போடி, எனக்கே பயமில்ல, உனக்கென்னன்னு. உண்மையாவே பயமில்லம்மா. என் தப்பெல்லாம் முன்னைக்கு இப்ப குறைஞ்சிருக்கு, தெரியுமா? நோய் வந்த பிறகு குறைஞ்சிருக்கு! டாக்டர்கிட்ட சொன்னேன், அவரே ஆச்சரியப்பட்டாரு.”

என் கை மவுஸ்மேல் நின்றது. “டாக்டர்கிட்டயா?”

“ஆமா. ஒவ்வொரு தடவையும் அவரு கேக்கற முதல் கேள்வியே அதுதான். வேலை எப்படிப் போகுது, கை எப்படி இருக்கு, மாத்திரையைக் கூட்டலாமான்னு. நான் வேணாம்னுடுவேன். நாங்கதான் அளவு வச்சிருக்கோம்ல, டைப்பிங். டம்ளர் ஆடுனா ஆடட்டும், அது அசதி. டைப்பிங்ல எப்ப தப்பு கூடுதோ, அப்ப கூட்டுங்க டாக்டர், அது வரைக்கும் இதே மாத்திரை போதும்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. ரெண்டு வருஷமா அதே மாத்திரைதான். ஏத்தவே இல்ல!”

கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுக்களை வாசலில் வீட்டுக்காரர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது தடவையாக நான் அடுக்களைக்குப் போனதற்கு என்ன சாக்குச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. தண்ணீர் என்று சொல்லியிருப்பேன். அவர் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கேட்டீங்களா?”

“நான் வெளியில பெஞ்சுல உக்காந்திருப்பேன். உள்ள அவ மட்டும்தான் போவா. வெளியில வந்து, எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாருன்னு சொல்லுவா. நானும் சந்தோஷப்படுவேன்.”

“கை மோசமாயிட்டே போயிருக்கு. மருந்து மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. நீங்க ஏத்தினதெல்லாம் டாக்டர் ஏத்தியிருக்கணும்.”

“தெரியுதும்மா.” குரல் கம்மியிருந்தது. “திங்கக்கிழமை முடியட்டும். டெஸ்ட்ல தேறட்டும். அன்னிக்கே சொல்லிடறேன்.”

“அன்னிக்கு அவங்க சந்தோஷமா இருப்பாங்க. எப்படிச் சொல்லுவீங்க?”

துண்டை எடுத்துத் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த மனிதர் சொல்ல மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாள், அப்புறம் ஒரு காய்ச்சல் என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். அதற்காக நானே ஹாலுக்குப் போய்ப் போட்டு உடைத்துவிடுவதா? என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருடைய வீடு, அவருடைய பெண்டாட்டி, நான் யார் என்று விழுங்கிவிட்டேன்.

மீதி வேலையை முடித்தேன். கம்பெனி விதிப்படி புதுப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு கட்டாயம். அக்காவைக் கேட்டேன். யோசித்து ‘மழைக்காலம்’ என்றார். நானே அடித்துப் பதிவு செய்தேன். எல்லாவற்றையும் மூடி, பெட்டியை நிறுத்திப் போட்டேன். கருப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. புதியதைத் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டு வாசல் திரை வந்து நின்றது.

“உக்காருங்கக்கா. நீங்களே திறங்க.”

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒருவருக்காக வைக்கிற அமைப்புகள் அவர் உள்ளே நுழைந்த பிறகுதான் வேலை செய்யும். வாசல் திரை பொதுச் சொத்து, அது யாரையும் அறியாது. அங்கே வடிகட்டி வேண்டுமென்றால் தனியாக வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. பழைய பக்கத்தில் வீட்டுக்காரர் பாஸ்வேர்டே இல்லாமல் வைத்திருந்ததும் இதற்காகத்தான் என்று அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் நான் ஏன் மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்?

அக்கா அடித்தார். கடகடவென்று, அழகாக, திரையைக்கூடப் பார்க்காமல். தவறு என்று வந்தது.

“நீ தப்பா போட்டிருக்க பொண்ணு.”

“இல்லக்கா. இன்னொரு தடவை அடிங்க.”

மறுபடி தவறு. மூன்றாம் தடவை மெதுவாக அடித்தார். அப்போதும் தவறு. பாஸ்வேர்டுக் கட்டத்தின் ஓரத்தில் கண் படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரியும். அக்கா அதைத் தொட்டார்.

‘மமமழழைக்ககாலலலம்’ என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கீபோர்டு போயிடுச்சு போலிருக்கு!” அடுக்களை வாசலிலிருந்து வீட்டுக்காரர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். “பழசுதானே. நாளைக்கே புதுசு வாங்கிடலாம். என்னம்மா, கீபோர்டுதானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவும் என்னைப் பார்த்தார்.

“நீ அடி,” என்றார்.

நாலைந்து தடவை தட்டி, கீபோர்டு கெட்டுவிட்டது என்று காட்டுவது எனக்குப் பெரிய வித்தையில்லை. கையை வைத்தேன். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, சரியாக அடித்தேன். கதவு திறந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். எதையோ அடித்தார். ஒரு பிசிறும் இல்லாமல் விழுந்தது. சிஸ்டத்தை விட்டு வெளியே வந்தார். வாசல் திரையில் அதே விரல்களால் அடித்தார், எழுத்துகள் இரண்டும் மூன்றுமாகக் குவிந்தன. என்னைத் திறக்கச் சொல்லி மறுபடி உள்ளே போனார், அச்சுக் கோத்த மாதிரி வந்தது. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. இருபது வருஷம் மற்றவர்கள் பேச்சைக் கேட்டு, எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே மழுப்புகிறார்கள் என்று எழுதி வைத்தவர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“உள்ள என்ன இருக்கு?” என்னிடம்தான் கேட்டார்.

“வடிகட்டிக்கா. நடுங்கற கைக்கு வைக்கறது. போட்டா ஓரத்துல ஒரு சின்னப் படம் வரும், அதை மறைச்சு வச்சிருக்கு.”

“நீ வச்சியா?”

“பழைய பக்கத்துல இருந்துச்சு. அதை இங்க கொண்டு வந்தேன்.”

“ஒண்ணும் கொண்டு வராதன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

அவர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, “அதை எடு,” என்றார்.

“அக்கா, டெஸ்ட்டு...”

“எடுன்னா எடு.”

எடுத்தேன். அக்கா காதில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு பழைய விசாரணைப் பதிவைப் போட்டு, பெடலை மிதித்தார். அடிக்க ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கத்தைப் பார்க்க விரும்பவில்லை, ஆனால் பார்த்தேன். சொற்கள் வீங்கி வீங்கி விழுந்தன. சில இடங்களில் ஒரே எழுத்து வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் அழிக்கவில்லை. நிறுத்தவுமில்லை. பக்கம் நிறையும் வரைக்கும் அடித்தார். பிறகு காலை எடுத்து, காதிலிருந்ததைக் கழற்றி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பிழை திருத்துகிறவர் மாதிரி படித்தார்.

“இதுதான் என் கை,” என்றார்.

வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டார். “உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்...”

“எனக்கு வேலை போயிடும்னு பயந்தீங்களா?”

“நீ அழுதுடுவன்னு பயந்தேன்.”

“அழட்டுமே! அழுதா என்ன ஆயிடும்? கண்ணீர்தானே வரும்?” முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. “அந்த டாக்டர் எதிர்ல உக்காந்து, என் கைக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு வாய் கிழியப் பேசிட்டு வந்திருக்கேன். பெருமையா வேற பேசினேன். அவரு மருந்து எழுத பேனாவை எடுப்பாரு, நான் வேணாம்னு தடுப்பேன். எத்தனை தடவை தடுத்தேன் தெரியுமா? எதை நம்பித் தடுத்தேன்?”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும். தோளிலிருந்த கையை அவர் தட்டிவிடவில்லை.

நான் பையில் வயர்களைச் சுருட்டி வைக்க ஆரம்பித்தேன். எனக்கு அங்கே இனி வேலையில்லை.

“எங்க போற? இரு,” என்றார் அக்கா. “அதைத் திரும்பப் போடு. வாசல்லயும் போடு.”

“எதைக்கா?”

“வடிகட்டியைத்தான். திங்கக்கிழமை நான் தேற வேண்டாமா? கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கறவங்க இல்லையா? இது எனக்குக் கண்ணாடி. ஆனா அந்த ஓரத்துல ஒரு படம் வரும்னியே, அதை மறைக்காத. எனக்குத் தெரியணும்.”

மாற்றிக் கொடுத்தேன். ஓரத்தில் சின்னப் படம் வந்து உட்கார்ந்தது. இப்போது எவ்வளவு வைத்திருக்கிறது என்று அக்கா கேட்டார், சொன்னேன். முதலில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அக்கா மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்து, டாக்டருக்குப் போடச் சொல்லி வாயால் சொன்னார். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்து யாரோ பேசினார்கள். அக்கா தன் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் இப்போதே பேச வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் ஒரு இசை ஓடியது. பிறகு ஆண்குரல் ஒன்று, எப்படி இருக்கீங்க, கை எப்படி இருக்கு என்று வழக்கம்போல விசாரித்தது எனக்கே கேட்டது.

அக்கா போனை வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். நீட்டிய கை ஆடியது. அதை அவர் மறைக்கவில்லை.

“என் கை எப்படி இருக்குன்னு கேக்கறாரு,” என்றார். “எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க.”

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வடிகட்டியை வைத்த முதல் மாதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.